கிரைண்டர் கேட்ட கை

பின் சீட்டில் சீட் பெல்ட் மாட்டி உட்கார்ந்திருந்த கிரைண்டர்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. கோயம்புத்தூரில் வாங்கி, இரண்டு போர்வைக்குள் சுருட்டி, விமானம் ஏறி வந்த டேபிள் டாப் கிரைண்டர். அதன் பக்கத்தில் ஆன்ட்டி, குழந்தையைப் பிடிப்பதுபோல ஒரு கையால் அதை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன் சீட்டில் எங்கள் குழுவின் சின்னப் பெண், மடியில் லேப்டாப்பும் காலடியில் ஒரு கறுப்பு டிரான்ஸ்பார்மருமாக. நம் ஊர்க் கிரைண்டருக்கு அமெரிக்கக் கரண்ட் போதாது, அதை ஏற்றிக் கொடுக்கத்தான் அந்த டிரான்ஸ்பார்மர். நான் கலிபோர்னியாவில் மில்பிடாஸிலிருந்து சான் ஹோசேக்கு வண்டி ஓட்டுகிறேன். ஃப்ரீவேயில் பக்கத்து லேனில் வந்தவர் எங்கள் பின் சீட்டை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்துக் கையாட்டினார். "ஏனுங்ணா, அந்தாளு நம்ம கொழந்தைனு நெனச்சுட்டாரு பாருங்க" என்றார் ஆன்ட்டி. "டாட்டா காட்டும்மா" என்றேன். உண்மையாகவே கிரைண்டரின் மூடியைத் தூக்கி அவருக்கு ஆட்டிக் காட்டினார்.

பாப்பா, போன வாரம் டெக்சாஸிலிருந்து பேசியபோது உன் குரல் கம்மியிருந்தது. காலேஜில் நாலு பேர் சேர்ந்து செய்யவேண்டிய புராஜெக்ட், ஒருவன் மீட்டிங்குக்கே வருவதில்லை, இன்னொருத்தி செய்த பகுதி ஓடவே இல்லை, நாள் நெருங்கிவிட்டது என்று இங்கிலீஷில் மூச்சுவிடாமல் சொன்னாய். நான் ஏதோ கேட்க வாயெடுத்தேன். "லீவ் இட்ப்பா, யூ வோன்ட் கெட் இட்" என்றாய். எனக்குக் கோபமில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். ஆனால் எனக்கும் ஒரு டீம் இருந்ததம்மா. உனக்கு அப்போது ஏழு வயது. தம்பி பிறக்கவே இல்லை. அதனால் உங்கள் இரண்டு பேருக்குமாக இதை எழுதுகிறேன். தமிழ்ப் பள்ளியில் படித்த எழுத்து மறந்துபோயிருந்தால் சத்தம் போட்டுப் படியுங்கள், காதுக்குப் புரிந்துவிடும்.

நான் படித்தது பத்தாவது, அதற்குமேல் ஐ.டி.ஐ.யில் வயர்மேன். உங்கள் அம்மாவுக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்தபோது கூட வந்தவன். மில்பிடாஸில் சர்க்யூட் போர்டு செய்யும் ஒரு கம்பெனியில் சாமான்களைப் பொருத்தும் வேலை. மத்தியானம் போனால் நடு ராத்திரி திரும்பும் ஷிப்ட். பாப்பா, நீ எழுந்து பள்ளிக்கூடம் போகும்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன். நான் வரும்போது நீ தூங்கிக்கொண்டிருப்பாய். ஃப்ரிட்ஜ் கதவில் நீ ஒட்டிவைக்கும் படங்களைப் பார்த்துத்தான் உனக்கு எந்தப் பல் விழுந்தது, யாரோடு சண்டை என்று எனக்குத் தெரியும். ஒரு படத்தில் நம் வீட்டை வரைந்திருந்தாய். அம்மா அடுப்படியில், நீ மேசையில், நான் கட்டிலில். எல்லாப் படத்திலும் நான் கட்டிலில்தான் இருந்தேன், கண்ணுக்குப் பதிலாக இரண்டு கோடு.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனியில் பகல் ஷிப்டில் ஓர் இடம் வரப்போவதாகச் சூப்பர்வைசர் சொன்னார். செய்து முடித்த போர்டுகளைச் சோதிக்கும் டெஸ்ட் டெக்னீஷியன் வேலை. காலையில் போய் மூன்று மணிக்குள் வெளியே வந்துவிடலாம். சோதனை முழுவதும் கம்ப்யூட்டரில் படம் போலப் போட்ட புரோகிராம்களால் நடக்கும், அதில் ஒரு கோர்ஸ் முடித்த சான்றிதழ் வேண்டும் என்றார். "செமஸ்டர் முடியற வரைக்கும் பாக்கறேன், அதுக்கப்புறம் வெளியாளைத்தான் எடுக்கணும்" என்பது அவர் பேச்சின் பொருள். சான் ஹோசேயில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் காலை வகுப்பு இருந்தது. சேர்ந்தேன். பாதிக்குமேல் மதிப்பெண் கடைசியில் செய்து காட்டும் டீம் புராஜெக்டுக்கு. அது போனால் கோர்ஸ் போச்சு, கோர்ஸ் போனால் பகல் ஷிப்ட் போச்சு.

முதல் நாள் வகுப்பில் முன் வரிசையில் நட்டநடுவே உட்கார்ந்து, சட்டையில் பேனா குத்திக்கொண்டிருந்தவர்தான் ஆன்ட்டி. பார்த்ததும் திகைத்தேன். நம் அபார்ட்மென்ட்டில் எதிர் பிளாக். தன் மகனோடு உன்னையும் சேர்த்துத் தினமும் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்து வருபவர், அம்மா வேலை முடிந்து வரும்வரை தன் வீட்டில் வைத்திருப்பவர். கோபிச்செட்டிப்பாளையம் பக்கத்து ஊர்க்காரர். கணிதத்தில் பட்டம் வாங்கிவிட்டு, கல்யாணமாகி இங்கே வந்து, விசாவில் வேலைக்கு அனுமதியில்லாமல் வருடக்கணக்காக வீட்டிலிருந்தவர். அனுமதி அப்போதுதான் வந்திருந்தது. "என்னம்மா, நீயா?" என்றேன். "ஏனுங்ணா, நானு வரக்கூடாதுங்ளா?" என்றார். வாத்தியார் டீம் பிரிக்கச் சொன்னபோது அவரே எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பின்னால் இருந்த ஒரு சின்னப் பெண்ணைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். இங்கேயே ஃப்ரீமான்ட்டில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், இருபது வயதிருக்கும். நாங்கள் பேசுவதெல்லாம் அவளுக்குப் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். "அங்கிள், ஹூ இஸ் தி லீடர்?" என்று கேட்டாள். நான் ஆன்ட்டியைப் பார்த்தேன். ஆன்ட்டி ஏற்கெனவே தாளில் தலைப்புகளை எழுதிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அவரை நான் லீடரம்மா என்றுதான் கூப்பிட்டேன்.

அந்த புரோகிராம் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வரிவரியாக எழுதுவது அல்ல. திரையில் பெட்டிகளை வைத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கம்பி இழுக்க வேண்டும். ஒரு பெட்டி அளந்து தரும், ஒன்று கூட்டும், ஒன்று ஒப்பிட்டுப் பார்க்கும், ஒன்று விளக்கை எரியவைக்கும். ஒரு பெட்டிக்கு வரவேண்டிய கம்பியெல்லாம் வந்து சேர்ந்தால்தான் அது வேலையைத் தொடங்கும், அதுவரை சும்மா காத்திருக்கும். வயர்மேனாக இருந்த எனக்கு அதைப் பார்த்ததும் ஊரில் சுவிட்ச் போர்டைத் திறந்து பார்த்ததுபோல மனசுக்கு இதமாக இருந்தது. இங்கிலீஷ் பாதி புரியாவிட்டாலும் கம்பி எங்கே போகிறது என்று கண்ணால் தொடர்ந்து போக முடிந்தது.

என்ன செய்து காட்டலாம் என்று பேசியபோது மற்ற டீம்கள் சோலார் என்றும் டிராஃபிக் லைட் என்றும் சொன்னார்கள். லீடரம்மா சொன்னது கிரைண்டர். உளுந்தைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே காத்துக் கிடக்க வேண்டியிருக்கிறது, மாவு பதமானதும் தானே நிற்கவேண்டும், அவ்வளவுதான். "எத்தன வருசமுங்ணா அதுக்கு முன்னால நின்னுட்டே இருக்கறது? காலு கடுக்குது" என்றார். சின்னப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் வீட்டில் மாவு இந்தியக் கடையிலிருந்து டப்பாவில் வரும். "வெயிட், இட்லி இஸ் மேட் ஆஃப் உளுந்து?" என்று கேட்டாள். "அடக் கண்ணு, பின்ன காத்துலயா செய்யறது?" என்று லீடரம்மா அவள் கன்னத்தில் ஒரு தட்டு தட்டினார்.

வாத்தியார் உயரமான வெள்ளைக்காரர், ரிட்டயரான இன்ஜினியர். யோசனை அவருக்குப் பிடித்திருந்தது. இரண்டு நிபந்தனை மட்டும் போட்டார். எப்போது நிறுத்துவது என்பதை மெஷின்தான் முடிவுசெய்ய வேண்டும், மனுசர் அல்ல. அப்புறம், லேபில் ஓடிக்கொண்டிருக்கும் எந்த மெஷின் பக்கமும் யார் கையும் போகக்கூடாது. மேசையைச் சுற்றித் தரையில் மஞ்சள் டேப் ஒட்டியிருக்கும், மெஷின் ஓடும்போது எல்லோரும் அதற்கு வெளியே நிற்க வேண்டும்.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். மோட்டார் இழுக்கும் கரண்டை அளக்கும் கருவியைப் பொருத்துவது என் பாடு. பெட்டியும் கம்பியுமாக புரோகிராம் போடுவது சின்னப் பெண். எந்த அளவு வந்தால் பதம் என்று கணக்குப் போடுவது லீடரம்மா. வகுப்பு முடிந்து நான் ஷிப்டுக்குக் கிளம்பும்முன் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் அவர் வீட்டு அடுப்படியில் கூடுவோம். உளுந்து சுற்றச் சுற்ற, திரையில் ஒரு கோடு நடுங்கி நடுங்கி மேலிருந்து கீழே இறங்கும். முழு உளுந்துக்கு மோட்டார் திணறும், கோடு உயரத்தில் இருக்கும். மாவு பொங்கி லேசாக ஆக, கோடு தணியும். தணிந்து ஓர் இடத்தில் நிலைத்தால் மாவு தயார். கோட்டில் ரம்பப் பல் மாதிரிச் சின்னச் சின்ன மேடும் பள்ளமும் வந்தன. சின்னப் பெண் அதை இரைச்சல் என்றாள். அளவை எடுக்கும்போது இப்படிக் குப்பை கலந்து வருவது வழக்கம்தான், வகுப்பில் அதற்கு வழி சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சராசரி எடுத்து வழவழப்பாக்கும் ஒரு பெட்டியை நடுவில் சொருகினாள். கோடு எண்ணெய் தடவினதுபோல அழகாக ஆனது. நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்துப் பூரித்துப்போனோம். புரோகிராம் தானே கிரைண்டரை நிறுத்தியது. லீடரம்மா மாவை விரலால் தொட்டுப் பார்த்து, "அப்படியே வெண்ணையுங்" என்றார். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த தடவையும் அப்படியே. அந்த வாரம் முழுக்க நம் வீட்டிலும் அவர் வீட்டிலும் வடைதான், உனக்கு நினைவிருக்கலாம்.

சந்தோஷமாகக் கிரைண்டரைச் சீட் பெல்ட்டில் கட்டிக் காலேஜுக்குக் கொண்டுபோனோம் என்று சொன்னேனே, அன்றைக்குத்தான் வினை. லேபில் ஓடவிட்டோம், டேப்புக்கு வெளியே நின்றோம். கொஞ்ச நேரத்திலேயே நின்றுவிட்டது. மூடியைத் திறந்தால் உளுந்து பாதிகூட அரையவில்லை. ஓரமெல்லாம் ஒட்டிக்கிடக்கிறது, முழு உளுந்து கண்ணை முழித்துக்கொண்டு எங்களைப் பார்க்கிறது. வாத்தியார் தாடியைத் தடவிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோய் ஓட்டினால் மாவு வெண்ணெய். காலேஜுக்குக் கொண்டுபோனால் நொய். வீட்டில் சரி, காலேஜில் தப்பு. என்ன மாயம் என்று புரியாமல் பைத்தியம் பிடிக்காத குறை. காலேஜ் கரண்ட் வேறு என்றேன் நான். என் வயரிங் மேலேயே சந்தேகப்பட்டு ஒவ்வொரு முனையையும் கழற்றி மறுபடி முடுக்கினேன். மேசை ஆடுகிறது என்றாள் சின்னப் பெண். லீடரம்மா தண்ணீர்மேல் பழி போட்டார். "மில்பிடாஸ் தண்ணி வேறயுங், இந்தத் தண்ணி வேறயுங்" என்று, அடுத்த தடவை வீட்டுக் குழாயில் ஒரு கேனைப் பிடித்துக்கொண்டு வந்தார். கிரைண்டருக்கும் பெல்ட், கேனுக்கும் பெல்ட். அப்போதும் நொய்தான்.

செய்து காட்டும் நாள் நெருங்க நெருங்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சூப்பர்வைசர் ஒருநாள் கூப்பிட்டு, வெளியிலிருந்து இரண்டு பேர் விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள் என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை, நல்ல மனுசர்தான். ஷிப்ட் இடைவேளையில் தனியாக உட்கார்ந்து, இன்னும் எத்தனை வருசம் கட்டிலில் படுத்த படமாகவே இருக்கப்போகிறேன் என்று யோசித்தேன். லீடரம்மாவுக்கு என் நிலைமை தெரியும். வாயால் ஆறுதல் சொல்லும் ஆள் இல்லை அவர். "டெஸ்டுக்கு இன்னும் நாளிருக்குதுங்ணா, உளுந்தும் இருக்குது" என்று அடுத்த படியை அளந்து ஊறப்போட்டுவிடுவார்.

அந்தச் சனிக்கிழமை அவர் தோழிக்குப் பக்கத்து ஊரான டப்ளினில் வளைகாப்பு. போய்விட்டு இரண்டு கையிலும் முழங்கைவரை மருதாணியோடு வந்து சேர்ந்தார். ஈரம் காயவில்லை. கையைத் தூக்கிப் பிடித்தபடி அடுப்படி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "நீங்களே போடுங்ணா, நானு சொல்றனுங். கண்ணு, நீ தண்ணிய ஊத்து" என்று எங்களை வேலை ஏவினார். போட்டோம். ஓடியது. கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. திறந்து பார்த்தால் நொய். அவர் வீட்டு அடுப்படியில், அவர் வீட்டுத் தண்ணீரில், முதல்முறையாக நொய்!

லீடரம்மா நாற்காலியிலிருந்து எழுந்து வந்து கிரைண்டருக்குள் எட்டிப் பார்த்தார். பார்த்தவர் வலது கையைத் தன்னையறியாமல் உள்ளே நீட்டினார். சின்னப் பெண், "ஆன்ட்டி! மருதாணி!" என்று அலறினாள். கை அந்தரத்தில் நின்றது. அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு லேப்டாப்பைத் திறந்து, அந்த வழவழப்பாக்கும் பெட்டியை எடுத்து எறிந்துவிட்டு, பழைய கோடுகளை மறுபடி வரவைத்தாள். வீட்டில் எடுத்த ஒவ்வொரு கோட்டிலும் ரம்பப் பல். சரசரவென்று ஓர் இறக்கம், சட்டென்று ஒரு தூக்கல். மறுபடி இறக்கம், தூக்கல். காலேஜில் எடுத்ததில் அது இல்லவே இல்லை. அவள் அந்தத் தூக்கல்களின்மேல் ஒவ்வொன்றாக விரல் வைத்து, "தட்ஸ் யூ, ஆன்ட்டி. தட்ஸ் யுவர் ஹேண்ட்" என்றாள்.

விஷயம் இதுதான். அந்தக் கிரைண்டரில் ஓரத்தில் ஏறும் மாவை வழித்துக் கல்லுக்குக் கீழே தள்ள ஒரு பிளாஸ்டிக் தகடு இருக்கும். அது வந்த முதல் வருடமே உடைந்துபோயிருக்கிறது. இந்த ஊரில் அது கிடைக்காது. அப்போதிலிருந்து போகிறபோது வருகிறபோதெல்லாம் கையை விட்டு ஒரு வழி வழித்துவிடுவது ஆன்ட்டிக்குப் பழக்கமாகி, பழக்கம் மறந்தும்போயிருக்கிறது. போனில் பேசிக்கொண்டே வழிப்பார். எங்களுக்குக் காபி கொடுத்துக்கொண்டே வழிப்பார். வழித்துவிட்டுச் சுடிதார் துப்பட்டாவின் ஓரத்தில் கையைத் துடைத்துக்கொள்வார். நாங்கள் அதை எதிரிலேயே நின்று பார்த்திருக்கிறோம், யாருக்கும் உறைக்கவில்லை. அரைக்கிறது என்றால் அது அப்படித்தான் என்று எனக்கும் மனதில் இருந்திருக்க வேண்டும், என் அம்மா காலத்திலிருந்து பார்த்ததுதானே. காலேஜில் மஞ்சள் டேப்புக்கு வெளியே நின்றதால் அந்தக் கை உள்ளே போகவில்லை. மாவு ஓரத்தில் ஏறிக்கொண்டது, கல் வெறுமனே சுற்றியது, கரண்ட் குறைந்தது, பதம் வந்துவிட்டது என்று நம்பி புரோகிராம் நிறுத்திவிட்டது. அவர் கையை இரைச்சல் என்று நினைத்து வழவழப்பாக்கிவிட்டு, நாங்கள் கோட்டின் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

செய்து காட்ட ஒரு வாரம்கூட இல்லை. கோயம்புத்தூரிலிருந்து யாராவது தகடு வாங்கி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். எனக்கு ஒன்றுதான் தோன்றியது. "லீடரம்மா, நீ சும்மா பக்கத்துல நின்னாப் போதும்லா? பேசுத மாதிரி ரெண்டு தடவ வழிச்சு விட்டுட்டா முடிஞ்சுது. வாத்தியார்ட்ட டேப்புக்கு உள்ள நிக்கதுக்கு நான் கேட்டுப் பாக்கேன்" என்றேன்.

ஆன்ட்டி என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஏனுங்ணா, நானென்ன கிரைண்டருக்கு ஸ்பேர் பார்ட்டுங்ளா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. ஆனால் அவர் சிரிப்பு சீக்கிரம் நின்றது. மருதாணிக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எத்தன வருசமா கைய விட்டுட்டே இருந்திருக்கறனுங், எனக்கே தெரியல பாருங்" என்றார். சின்னப் பெண்தான் பேச்சைத் தொடங்கினாள். மாவு பதமானால் கோடு மெதுவாக இறங்குகிறது. ஓரத்தில் ஏறினால் சரசரவென்று இறங்குகிறது. இரண்டையும் புரோகிராமே பிரித்துப் பார்க்க முடியும். சரசரவென்று இறங்கினால் மோட்டாரை நிறுத்தி, விளக்கைப் போட்டு, ஒரு சத்தம் கொடுத்துக் கேட்டால் என்ன? யாராவது வந்து வழித்துவிட்டுப் பொத்தானை அழுத்தினால் மறுபடி ஓடட்டும். இதைத்தான் அவள் பாதிக் கையாலும் பாதி இங்கிலீஷிலுமாகச் சொன்னாள். லீடரம்மா முகம் மலர்ந்தது. "கேக்கட்டுமுங். இந்த ஊட்டுல ஒண்ணாச்சும் எங்கிட்டக் கேட்டு வேல வாங்கட்டும்" என்றார். அவர் வீட்டுக்காரர் ஹாலில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார், அவ்வளவுதான்.

செய்து காட்டும் நாளில் எங்களுக்குக் கொடுத்தது கால் மணி நேரம். பாதி அரைத்த உளுந்தை ஐஸ் பெட்டியில் கொண்டுபோயிருந்தோம். வகுப்பு முழுக்கச் சுற்றி நின்றது. ஓடவிட்டோம். கோடு மேலேயே நிற்கிறது, இறங்கவே இல்லை. மாவு ஓரத்தில் ஏறினால்தானே விளக்கு எரியும்? இத்தனை நாள் ஏறாதே ஏறாதே என்று கும்பிட்டவன், அன்றைக்கு ஏறு ஏறு என்று எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். அப்போது கோடு சரியத் தொடங்கியது. பக்கத்தில் லீடரம்மாவின் கை தானாக நீண்டது. சின்னப் பெண் சடாரென்று அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மோட்டார் நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. கீய் என்று ஒரு சத்தம்.

வாத்தியார் விளக்கையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். இப்போது என்ன என்றார். "நௌ இட் இஸ் ஆஸ்கிங், சார்" என்றார் லீடரம்மா. யாரைக் கேட்கிறது என்றார் வாத்தியார். "எனிபடி" என்றார் லீடரம்மா.

வாத்தியார் முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, டேப்பைத் தாண்டிப் போய், நாங்கள் வைத்திருந்த கரண்டியால் ஓரத்தை ஒரு சுற்று வழித்தார். நல்லாவே வழித்தார். பொத்தானை அழுத்தினார். திரையில் கோடு ஒரு பல் தூக்கியது. பின்னால் யாரோ கை தட்டினார்கள். அவர் நெற்றியைச் சுருக்கி, மெஷின்தான் முடிவுசெய்ய வேண்டும் என்று சொல்லியிருந்தேனே என்றார். சின்னப் பெண் திரையைக் காட்டி, எப்போது நிறுத்துவது, எப்போது உதவி கேட்பது இரண்டையும் அதுதானே முடிவுசெய்தது என்று சொன்னாள். அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு, ரம்பப் பல் கோட்டையும் வழவழப்பான கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொன்னார். நடந்த கதையை நாங்கள் மூன்று பேரும் மாறி மாறிச் சொன்னோம், மருதாணி உட்பட. அவர் அந்தக் கதைக்குத்தான் அதிகம் தலையாட்டினார். பாஸ் என்றார்.

பாப்பா, உன் டீமில் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. உன் தொழில்நுட்பம் எனக்குப் புரியாது என்பது சரிதான். அந்த வராத பையனை ஒரு தடவை விளக்கைப் போட்டுக் கேட்டுப் பாரேன், அவ்வளவுதான் சொல்லத் தெரிகிறது. இல்லையென்றால் இந்தச் சனிக்கிழமை ஆன்ட்டி வீட்டுக்குப் போ. வீட்டுக்காரருக்கு வேலை மாறி அவர்கள் டாலஸ் பக்கம் போனதும், அங்கே ஒரு கம்பெனியில் சோதனைப் பிரிவில் அவர் சேர்ந்ததும் உனக்குத் தெரியும். அவருக்குக் கீழே இன்று ஒரு டீமே வேலை செய்கிறது. போனால் வடை கிடைக்கும். இந்தக் கதையை அவர் வேறு மாதிரிச் சொல்வார், அதில் நான் இன்னும் கொஞ்சம் அசட்டுத்தனமாக இருப்பேன்.

சான்றிதழைக் காட்டியதும் சூப்பர்வைசர் கை கொடுத்தார். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து பகல் ஷிப்ட். முதல் நாள் வேலை முடிந்ததும் நேராக உன் பள்ளிக்கூடத்துக்கு வந்தேன். வாசலில் ஆன்ட்டி வழக்கம்போல நின்றுகொண்டிருந்தார், அவர் பையனுக்காக. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். மணி அடித்தது. கூட்டத்தோடு நீங்கள் இருவரும் ஓடிவந்தீர்கள். நீ என்னைப் பார்க்கவே இல்லை. நேரே ஆன்ட்டியிடம் போய், அவர் பையனோடு ஏதோ வாதாடிக்கொண்டே, முகத்தை நிமிர்த்தாமல் உன் பையைக் கழற்றி அவர் பக்கம் நீட்டினாய்.

ஆன்ட்டி வாங்கவில்லை. இரண்டு கையையும் ஸ்வெட்டர் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்.

நீட்டிய கை அப்படியே இருக்க, நீ நிமிர்ந்து பார்த்தாய். முதலில் அவரை, பிறகு என்னை. உன் முகம் மாறிவிட்டது. "அப்பா? ஹூ இஸ் சிக்?" என்று கேட்டாய்.

யாருக்கும் ஒன்றுமில்லை பாப்பா, இனிமே அப்பாதான் தினமும் வருவேன் என்றேன். நீ நம்பவில்லை. ஆன்ட்டியைப் பார்த்தாய். அவர், "ஆமாங் கண்ணு" என்று மட்டும் சொன்னார். பையைத் தோளோடு கொஞ்ச நேரம் அணைத்துப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, மெல்ல என் பக்கம் நீட்டினாய்.

வாங்கினேன். ஏழு வயதுப் பிள்ளையின் பை அத்தனை கனம் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.